நக்கோ என்று சொன்ன குழந்தை

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவன் நான். நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். ‘பணி நிறைவுச் சான்றிதழ்’ சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பக்கத்தில் அன்று கொடுத்த சுவர்க்கடிகாரம் ஓடுகிறது. போர்த்திய சால்வையை அம்மா தையல் மெஷினுக்குப் போர்த்தி வைத்திருக்கிறாள். திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றது, திட்டம் முடிந்தது, திட்டத்தில் இருந்த நாங்களும் முடிந்தோம். கேசரி, மிக்சர், காபி, கைதட்டல். அவ்வளவுதான்.

இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். மேல்தோலில் தையல் நேராக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது வேலை. அதற்கு முன்னால் வேலூரில் ஒரு குழந்தை வளர்ச்சி மையத்தில் பேச்சுப் பயிற்சியாளனாக இருந்தேன். அந்த மையம் இப்போது வேறொரு நிதியில், வேறொரு பெயரில், அதே கட்டடத்தில் மறுபடி நடக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் கல்லூரி ஜூனியர் ஒருவன் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினான்.

“அண்ணா, இனிமே பெத்தவங்களுக்கு நாம தொண்டை வத்த சொல்லத் தேவையில்ல. டேப்லெட்டே சொல்லிடும் பாருங்க.”

பார்த்தேன். திரையில் ஒரு பொம்மைக் குழந்தை கை ஆட்டியது. இனிமையான பெண் குரல் ஒன்று, எழுத்து எழுத்தாகத் திருத்தமான தமிழில் பேசியது: “உங்கள் குழந்தைக்கான பத்தியத்தைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.”

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். “நல்லா இல்லியாண்ணா? உங்க அனுபவத்தையாவது எழுதிக் குடுங்க. நாங்க படிச்சுக்குவோம்.” சரி, எழுதுகிறேன். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்தவள். கல்லூரியில் நாக்கு, அண்ணம், குரல்நாண் என்று படங்கள் வரைந்து நான்கு வருடம் ஓடியது. படித்து முடித்து வேலைக்கு வந்த முதல் வாரத்தில்தான் என் நாக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

மையத்தின் பொறுப்பில் இருந்தவரை நாங்கள் மேடம் என்றுதான் சொல்வோம். மனநலம் படித்தவர். ஒரு தாய்க்கு நான் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது கதவருகே நின்று கேட்டார். “பளம்” என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே வந்து, அந்தத் தாயின் முன்னாலேயே, “எங்கே, பழம் சொல்லு” என்றார். சொன்னேன். “இல்லை. நாக்கை மடி. பழம்.” மறுபடி சொன்னேன். “பேச்சுப் பயிற்சியாளர்!” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாய் மட்டும், “எங்களுக்குப் புரியுது சார், நீங்க சொல்லுங்க” என்றாள்.

அதற்காக மேடத்தைக் கெட்டவர் என்று எழுதிவிட முடியாது. அவரைப் போல ஒரு குழந்தையைச் சோதிக்கிறவரை நான் பார்த்ததில்லை. சோதனைக்கு உட்காருவதற்கு முன் கை வளையல்களைக் கழற்றிப் பையில் வைப்பார். வளையல் குலுங்குகிற பக்கம் குழந்தை திரும்பும், அதை விடை என்று நாம் எண்ணிவிடுவோம் என்பார். தாழ்ந்த நாற்காலி. முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. பந்து, கரண்டி, சீப்பு, பொம்மை என்று மேஜையில் வைத்துவிட்டு, “சீப்பு எங்கே?” என்று கேட்டால் கண் சீப்பின் மேல் போகாது. குழந்தையின் நெற்றியை மட்டும் பார்ப்பார். தாயின் தலை லேசாக அசைந்தாலும் அந்தக் கேள்வியை ரத்து செய்துவிடுவார். “குழந்தை சொன்னதை எழுது. நீ கேக்க ஆசைப்பட்டதை எழுதாதே.” எனக்குக் கிடைத்த எல்லாப் பாடத்திலும் பெரியது அதுதான். அதை அவரே காப்பாற்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சனாவை அவள் அம்மா நஸ்ரின் கூட்டிக்கொண்டு வந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். அப்பா கலீல் தோல் தொழிற்சாலையில் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டுகிறவன். குழந்தையைப் பார்த்ததும் எங்கள் ஆயாம்மா வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அப்படி ஒரு நிறம். சோளக் கதிரின் நார் போல முடி. சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்தது போலக் கண்.

“எங்க தெருவுல எல்லாரும் இங்கிலீஷ் பாப்பான்னுதான் கூப்புடுவாங்க சார்” என்றாள் நஸ்ரின். சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் பெருமைதான். “ஆனா பேச்சு வரல. கூப்ட்டா திரும்பறது இல்ல. அப்படியே உக்காந்து உக்காந்து ஆடுது. நடக்கவே இப்பதான் ஆரம்பிச்சுது.”

மேடம் வளையலைக் கழற்றினார். சோதனை முடிந்தது. பந்தும் இல்லை, சீப்பும் இல்லை. குழந்தை பொம்மையை வாயில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியது. “சொந்தத்துல கல்யாணமா?” என்று கேட்டார். “எங்க மாமா பையன்தான்” என்றாள் நஸ்ரின். மேடம் ஒன்றும் சொல்லாமல் எழுதினார். அந்த ஒன்றும் சொல்லாமை எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

போகும்போது நஸ்ரின் தயங்கி, “இன்னொண்ணு மேடம். இவ மேல ஒரு வாசனை வருது. வேர்வையில, மூத்திரத்துல. எலி இருக்கிற ரூம்ல அடிக்குமே, அப்டி. சோப்பு மாத்திப் பாத்துட்டேன்” என்றாள்.

“உன் புருஷன் எங்கே வேலை செய்றான்?”

“தோல் ஷாப்புல.”

“அப்புறம் என்ன?” என்றார் மேடம்.

நாங்களும் சிரித்தோம். எங்கள் ஊர்களில் வாசனையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ் ஆம்பூருக்குள் நுழையும்போது மூக்கைப் பொத்தினால் நாங்கள் அவர்களை ஒரு மாதிரி பார்ப்போம். இன்னா வாசனை, ஒண்ணும் இல்லியே என்போம். பொய்யில்லை, நிஜமாகவே எங்களுக்கு இல்லை. நஸ்ரினின் தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் அந்த வாசனையோடுதான் வீடு திரும்புகிறார்கள். அவள் மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, மருந்துக்கடை, நாங்கள், எல்லோரும் ஒரே பதில் சொன்னோம். தோல். ஒரு குழந்தையின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அவள் உடம்பே மணத்தால் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஒரு மூக்கு இல்லை.

சில மாதம் கழித்து மையத்துக்கு ஒரு பெண் டாக்டர் வருகை தர ஆரம்பித்தார். மலையாளத்துக்காரர், இந்தப் பக்கம் புதிது. சனாவைத் தூக்கி மடியில் வைத்தவர், அப்படியே குனிந்து அவள் கழுத்தை முகர்ந்தார். முடியைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். “இது யாரும் பறஞ்சில்லையா?” என்றார். நஸ்ரின் அழ ஆரம்பித்தாள். “நான் சொன்னேன் டாக்டர். நான் சொல்லிட்டேதான் இருக்கேன்.”

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தது. ஃபீனைல்கீட்டோனூரியா. அபூர்வமான நோய். சாப்பாட்டில் இருக்கும் புரதத்தில் ஒரு பகுதியை இந்தக் குழந்தைகளின் உடம்பு உடைக்க முடியாது. உடைக்காதது ரத்தத்தில் தேங்கி, வளருகிற மூளையைக் கெடுக்கும். நிறம் உண்டாக்கும் பொருளும் அதனால் குறையும். ஊர் கொஞ்சிய அந்தப் பொன்முடி நோயின் அடையாளம். கறி, முட்டை, பால், பருப்பு, கடலை எதுவும் ஆகாது. இட்லி ஆகாது. சோறே அளந்துதான். ஜவ்வரிசி, சில காய்கள், பழம், அப்புறம் ஒரு டிரஸ்ட் மூலமாக டப்பாவில் வரும் ஒரு மாவு. அந்த மாவைக் கரைத்தால் வரும் வாடை எங்கள் மூக்குக்கே தாங்காது. பிறந்த உடனே கண்டுபிடித்திருந்தால் எல்லாக் குழந்தைகளையும் போல வளர்ந்திருப்பாள். இனிமேலாவது விடாமல் இருந்தால், இருப்பது கெடாமல், புதிதாக நிறைய வரும்.

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது, ஆயுள் முழுக்க. மேடம் அதைத் தமிழில் சொன்னார், அச்சடித்த தாளிலும் அதுவே இருந்தது: ‘நீண்டகாலப் பத்தியம்.’ நானும் அந்த அறையில்தான் இருந்தேன். நல்ல சொல்லாகத்தான் பட்டது. யாருக்கும் புரிகிற சொல்.

நஸ்ரின் இருந்தாள் பாருங்கள், அப்படி ஒரு கட்டுப்பாடு. ஜவ்வரிசியில் அவள் செய்யாதது இல்லை. உப்புமா, அடை, வடகம், கிச்சடி. வீட்டில் கறி சமைக்கிற நாளில் குழந்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சில மாதத்தில் ஆட்டம் குறைந்தது. கூப்பிட்டால் திரும்பினாள். முடி வேரிலிருந்து கறுக்க ஆரம்பித்தது. எங்களுக்குக் கொண்டாட்டம். கலீலின் அக்காவுக்கு, அதாவது நஸ்ரினின் நாத்தனாருக்கு, துக்கம். ஒருநாள் கூடவே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா மருந்து சார் குடுக்கிறீங்க? தங்கம் மாதிரி இருந்த பொண்ணு. இப்ப பாருங்க, எங்க தம்பி மாதிரியே ஆயிட்டா.”

“உங்க தம்பி பொண்ணு உங்க தம்பி மாதிரிதானே இருக்கணும்?”

“தமாஷ் பண்ணாதீங்க. நாளைக்கு மாப்பிள்ளை நீங்களா பாப்பீங்க?”

பேச்சுப் பயிற்சியில் எந்தக் குழந்தைக்கும் முதலில் கற்றுக்கொடுப்பது ‘தா’. பட்டியலில் முதல் சொல். குழந்தை எதையாவது விரும்பும், அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம், ‘தா’ என்றதும் கொடுப்போம். எளிது. சனாவுக்கு அதை ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. அவள் தெருவை நான் பார்த்திருந்தேன். அங்கே குழந்தைகள் எந்த வீட்டுக்குள்ளும் நுழையும், எந்த வீட்டிலும் சாப்பிடும். ரம்ஜான் மாதத்தில் கறி போட்ட கஞ்சி வீடு வீடாகப் போகும். இந்தாடா கண்ணு என்று பிஸ்கட் நீட்டாத கதவே இல்லை. எல்லாம் பாசம். அந்தப் பாசத்துக்கு நடுவில் இந்தக் குழந்தைக்குத் ‘தா’ எதற்கு? அவளுக்கு வேண்டியது ‘வேண்டாம்.’

அவர்கள் வீட்டு உருதுவில் அதற்கு ‘நக்கோ’ என்பார்கள். தலையை ஆட்டி, மூக்கைச் சுருக்கி, நக்கோ.

மேடத்திடம் சொன்னேன். “மறுப்புல இருந்து மொழியை ஆரம்பிக்கக் கூடாது. பட்டியல்ல முதல் சொல் ‘தா’” என்றார். “அதுவுமில்லாம நக்கோன்னு தமிழ்ல சொல்லே இல்லை.”

“அவ வீட்ல இருக்குது மேடம்.”

“நம்ம சோதனையில இல்லை.”

பட்டியலுக்குத் ‘தா’வை எழுதிவைத்துவிட்டு நான் நக்கோவையே சொல்லிக்கொடுத்தேன். சனாவுக்கு ஈரமான ஸ்பாஞ்சு பிடிக்காது. அதைக் கையருகே கொண்டு போவேன். அவள் முகம் சுளித்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நஸ்ரின், “நக்கோ” என்பாள். உடனே ஸ்பாஞ்சை எடுத்துவிடுவேன். உடனே எடுக்க வேண்டும், அதுதான் வித்தை. தாமதித்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று குழந்தை முடிவு கட்டிவிடும். சொன்னால் நிற்கும் என்று நம்பினால்தான் சொல்லும். வாரக்கணக்கில் செய்தோம். முதலில் வெறும் தலையாட்டல். பிறகு “க்கோ.” பிறகு ஒருநாள் ஸ்பாஞ்சைப் பார்த்ததுமே, என் கை நகரும் முன்னாலேயே, மூக்கைச் சுருக்கி, “நக்கோ!” நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரமே அவளிடமிருந்து ஃபோன். “சார், பக்கத்து வீட்டு ஆபா பிஸ்கட் குடுத்தாங்க. நக்கோன்னுட்டா சார்! கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு! அவங்களுக்கே பேஜாராப் போச்சு.” ரெண்டு பேரும் ஃபோனில் சிரித்தோம்.

அடுத்த சோதனையில் சனா மேடத்தின் கரண்டியைப் பார்த்து, தெளிவாக, “நக்கோ” என்றாள். மேடம் தாளில் எழுதியது: பொருளுள்ள சொல் எதுவும் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ரத்தப் பரிசோதனை தொடர்ந்து நன்றாக வந்தது. ஒருநாள் முடிவைப் படித்துவிட்டு மேடம் அபூர்வமாகச் சிரித்தார். “ரத்தம் நார்மல்மா. பத்தியம் நல்லா வேலை செஞ்சிருக்கு.” நஸ்ரின் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. கலீல் ராணிப்பேட்டைப் பக்கம் வேறு தோல் தொழிற்சாலைக்கு மாறிவிட்டான் என்று தெரிந்தது. ஃபோன் எண் மாறியிருந்தது. மையத்தின் ஜீப்பை நிறுத்திவிட்டதால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் ஆளில்லை. தொடர்ந்து வராதவர்களின் கோப்பை மூடிவிடுவது விதி. மூடினார்கள்.

மறுபடி அவர்கள் வந்த நாளில் நான் வாசலில் நின்றிருந்தேன். கேட்டுக்குள் நஸ்ரின் நுழைந்தாள், தோளில் குழந்தை. நெருங்கும்போது எனக்கு முதலில் தெரிந்தது சனாவின் வகிடு. நுனியெல்லாம் கறுப்பு, வேரில் பொன்னிறம். எப்போது விட்டார்கள், எவ்வளவு நாளாயிற்று என்பது அந்தத் தலையில் விரலால் அளக்கிற மாதிரி இருந்தது. குழந்தை அவள் தோளில் ஆடிக்கொண்டிருந்தது, முன்னும் பின்னும். வழியில் பஸ்ஸில் ஒரு முறை வலிப்பு வந்திருக்கிறது.

“ஏம்மா நிறுத்தினே?” என்றார் மேடம்.

நஸ்ரினுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “நிறுத்தல மேடம். முடிச்சோம்.”

“முடிச்சியா? யார் சொன்னது முடிக்கச் சொல்லி?”

“நீங்கதானே சொன்னீங்க, ரத்தம் நார்மல்னு? பத்தியம் வேலை செஞ்சிருக்குன்னு?”

“நீண்டகாலம்னு தாள்ல இருக்கு இல்லை?”

“ஒரு வருஷத்துக்கு மேல இருந்தோமே மேடம்... அது நீண்ட காலம் இல்லியா?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் மஞ்சள் காமாலை வந்தால் இலை மருந்து அரைத்துக் கொடுப்பார்கள். உப்பில்லை, எண்ணெயில்லை, கறியில்லை. அதுதான் பத்தியம். கண் வெளுத்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கறி எடுத்துச் சமைத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வாயில் ஊட்டுவார்கள். அதோடு பத்தியம் முடிந்தது. எந்த மதத்து வீடானாலும் இதுதான் வழக்கம். முடியாத பத்தியம் என்று ஒன்று எங்கள் பக்கத்தில் கிடையாது. முடிப்பதற்காகத்தான் பத்தியமே. நல்லபடி முடித்துக்கொடுப்பது தாயின் கடமை. நஸ்ரின் தன் கடமையைச் செய்திருக்கிறாள்.

வெளியே மர நிழலில் உட்கார்ந்து அந்த நாளைச் சொன்னாள். ராணிப்பேட்டைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார்தான் முன்னின்று செய்தாள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, புது கவுன் போட்டு, நடுவில் உட்காரவைத்து, பிரியாணி.

“முதல் வாய் எடுத்துட்டுப் போனதும் மூக்கைச் சுருக்குனா சார். நக்கோன்னா.”

மேலே சொன்னாள்.

“எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். பேசுது, பேசுதுன்னு கைதட்டுனாங்க. என் மாமியாரு திருஷ்டி கழிச்சாங்க. இன்னொருவாட்டி சொல்லுன்னு சொல்லிச் சொல்லி ஊட்டுனாங்க. ஒவ்வொரு வாய்க்கும் நக்கோ நக்கோன்னா. ஒவ்வொரு வாய்க்கும் கைதட்டுனாங்க. நானும்தான் சார் தட்டுனேன்.” குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டாள். “அதுக்கப்புறம் அவ அதைச் சொல்லல.”

உடனே எடுக்க வேண்டும், அதுதான் வித்தை என்று எழுதினேன் அல்லவா. வாரக்கணக்கில் கட்டியது ஒரு சாப்பாட்டில் போனது. கறியால் போனது பிறகு. சொன்னால் நிற்கும் என்ற நம்பிக்கை முதலில் போனது.

எழுந்திருக்கும்போது நஸ்ரின் சொன்னாள், சத்தமில்லாமல். “எங்கள்ள இதைப் பர்ஹேஜ்னு சொல்லுவோம் சார். அதுவும் முடியுறதுதான். நீங்க யாராவது ஹராம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா? இது இந்தப் பொண்ணுக்கு ஹராம்னு? அது எப்பவாவது முடியுமா? என் நாத்தனாரே கம்பு எடுத்துக்கிட்டுக் காவல் நின்னிருப்பா.”

நான் உள்ளே போனேன். மேடம் கோப்பை மறுபடி திறந்து எழுதிக்கொண்டிருந்தார். ‘தாய் ஒத்துழைக்கவில்லை.’ மாவு கொடுக்கும் டிரஸ்ட் அந்த வரியைப் பார்த்தால் என்ன செய்யும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒத்துழைக்கிற குடும்பங்களுக்குத்தான் முதலில்.

“மேடம், அவங்க ஒத்துழைச்சாங்க. நாம சொன்ன சொல்லோட ஒத்துழைச்சாங்க. தாள்ல அந்தச் சொல்லை மாத்திடலாம் மேடம். அந்த அம்மா சொல்ற மாதிரி ‘ஹராம்’னு அச்சடிக்க வேணாம். ஆயுசு முழுக்க, சாகற வரைக்கும், முடிவே கிடையாதுன்னு போட்டாப் போதும்.”

“பத்தியம் நல்ல தமிழ்ச் சொல்.”

“நல்ல சொல்தான். ஆனா அதுக்கு முடிவு இருக்குது மேடம்.”

“அகராதியில அப்படி இருக்கா?”

“ஊர்ல இருக்குது.”

பேனாவை மூடினார். கோபம் இல்லை, சோதனைக்கு உட்காரும்போது இருக்கிற அதே முகம். என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு, “எனக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி,” என்றார், “பழம்னு சொல்லு.”

நான் சொல்லவில்லை. சொல்ல முடியாததால் இல்லை. அதற்குள் எனக்கு நன்றாகவே சொல்ல வந்துவிட்டது.

அந்த வரி கோப்பில் அப்படியே இருந்தது. மலையாளத்து டாக்டர் தனியாக ஒரு கடிதம் எழுதி, எங்கெங்கோ பேசி, மாவை மறுபடி வரவழைத்தார். ஆறு மாதத்துக்குள் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் திட்டம் முடிந்தது. சால்வையை எனக்குப் போர்த்தியவர் மேடம்தான். “நல்ல உழைப்பாளி” என்று மைக்கில் சொன்னார். இப்போதிருக்கும் டேப்லெட்டுக்குத் தமிழ் எழுதிக்கொடுத்த குழுவில் அவர் பெயர் முதலில் இருக்கிறது என்று வீடியோ அனுப்பிய ஜூனியர் தம்பி பெருமையாகச் சொன்னான்.

கலீல் மறுபடி ஆம்பூருக்கே வந்துவிட்டான். சனாவுக்கு இப்போது எட்டு வயது. முடி கறுத்துவிட்டது. வலிப்பு இல்லை. நடக்கிறாள், ஓடுகிறாள், செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே பட்டியல்படி சொல்லிக்கொடுத்து ஒரு சொல் நன்றாக வந்துவிட்டது. ‘தா.’ கையையும் நீட்டுவாள், சுத்தமாகச் சொல்லுவாள். பள்ளியில் அதற்கு நட்சத்திரம் ஒட்டினார்கள்.

சாயங்காலம் தெருவில் இறங்கி ஒவ்வொரு கதவாக நின்று “தா” என்கிறாள். எட்டு வயதுப் பெண், இத்தனை வருஷம் பேசாதவள், வாய் திறந்து கேட்கிறாள். யாருக்கு மனசு வரும் இல்லை என்று சொல்ல? கொடுக்கிறார்கள். நஸ்ரின் பின்னாலேயே ஓடிப் பிடுங்குகிறாள். பிடுங்குகிற தாயைப் பார்த்துத் தெரு என்ன பேசும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நாத்தனார்தான் இப்போது அவளுக்குத் துணை. தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “ஹராம், ஹராம், அதுக்கு ஒண்ணும் குடுக்காதே” என்று கத்துகிறாள். புதிதாகக் குடிவந்தவர்கள் பயந்துபோகிறார்கள்.

“அந்த நக்கோவை மட்டும் மறுபடி கத்துக்குடுக்க முடியுமா சார்?” என்று நஸ்ரின் கேட்டாள். அதனால் கம்பெனி லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். எனக்கு அங்கே எந்தப் பதவியும் இல்லை, யாருக்கும் எழுதிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஈர ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவேன். அவள் முகம் சுளிக்கும். நஸ்ரின் “நக்கோ” என்பாள். உடனே எடுத்துவிடுவேன். சனா என் முகத்தைப் பார்ப்பாள். நம்பலாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு கையை நீட்டி, அந்தப் பிடிக்காத ஸ்பாஞ்சையே பார்த்து, சுத்தமாகச் சொல்வாள்.

“தா.”